படத்து ஆற்றில் இரண்டு குடம்

ஏழுகுளம் என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு குளத்தில்கூடக் கால் நனைக்கத் தண்ணீர் இல்லாத ஊரில், மழை என்பது வாயால் பேசித் தீர்க்கிற சமாச்சாரமே தவிர மேலே விழுகிற சமாச்சாரம் இல்லை என்று சின்னப் பிள்ளைகள்கூட நினைக்கத் தொடங்கிவிட்ட ஒரு கோடையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் இருக்கிற செக்கடித் தெருவில், பாண்டீஸ்வரி தன் மகளை மடியில் இருத்திக்கொண்டு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கு சஷ்டிகா என்று பெயர். இரண்டரை வயதாகியும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தபாடில்லை. பசித்தால் கையைப் பிடித்து இழுப்பாள், கோபம் வந்தால் கடிப்பாள், தூக்கம் வந்தால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா காதையும் தொண்டையையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லம்மா. படப் புத்தகம் வாங்கிக் காட்டி விடாம பேசிக்கிட்டே இரு. ஒருநாள் மடை திறந்த மாதிரி கொட்டுவா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். புருஷன் கோட்டைச்சாமி ஆந்திராவில் ஒரு மிக்சர் கம்பெனியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவன், போன் போட்டால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "பேசிட்டாளா?" என்றுதான் கேட்பான். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, போன் அடித்தாலே பாண்டீஸ்வரி கொஞ்சம் அடிக்கவிட்டுத்தான் எடுப்பாள்.

அந்தத் தடித்த அட்டைப் புத்தகத்தை அவள் பஸ்ஸுக்குள் சீப்பும் கைக்குட்டையும் விற்கிற ஆளிடம் வாங்கினாள். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது பார்த்த படமெல்லாம் காலண்டர் சாமியும் உர மூட்டையில் போட்டிருக்கிற நெற்கதிரும்தான். அதனால் முதலில் இந்தப் புத்தகத்தைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாகவும் வந்தது, எரிச்சலாகவும் வந்தது. மாடு என்று ஒன்றைப் போட்டிருந்தார்கள், உடம்பெல்லாம் மை கொட்டின மாதிரி, மடி தரையைத் தொட. விலா எலும்பு தெரியாத மாட்டை அவள் அந்த வருஷத்தில் கண்டதே இல்லை. வீடு என்று போட்டிருந்த வீட்டின் கூரையில் குழாய் வைத்து அதன் வழியாகப் புகை சுருள் சுருளாக ஒழுங்காகப் போனது. சூரியனுக்குப் பல் வைத்திருந்தது. "சிரிக்கவா செய்யிற? எங்க தெருவுக்கு வந்து சிரி பாப்போம்" என்று அதன் மூஞ்சியில் ஒரு தட்டுத் தட்டினாள். புத்தகம் முழுக்க யாரும் குடம் தூக்கவில்லை, யாரும் வரிசையில் நிற்கவில்லை, யாருக்கும் வேர்க்கவில்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே எவனோ வரைந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

ஆனால் பிள்ளை விடவில்லையே. முடித்ததும் புத்தகத்தைத் தூக்கி மடியில் மறுபடி போடும். மறுபடி முதல் பக்கம், மறுபடி மாடு, மறுபடி பல்லுக்காரச் சூரியன். உலை வைக்கப் போனால் பின்னாலேயே புத்தகத்தை இழுத்துக்கொண்டு வரும். அப்படிப் புரட்டப் புரட்ட அவளுக்கே அந்தப் படத்து ஆட்கள் பழகிப்போனார்கள். மாட்டுக்குச் செல்லம்மா என்று பேர் வைத்தாள். புகைபோக்கி வீட்டுக்குள் இருக்கிறவள் மாமியாரோடு பேசுவதில்லை என்று கதை கட்டினாள். தனியாக இருக்கிற பெண்பிள்ளைக்குப் பேச்சுத் துணை வேண்டாமா, கேட்கிற காது பேசாவிட்டால்தான் என்ன, நாமே பேசிக்கொள்வோம் என்று அவள் பேசப் பேச, அவளுக்கும் நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கியது உண்மை.

பிள்ளைக்குப் பிடித்தது நடுப்பக்கம். இரண்டு தாளுக்கும் சேர்த்து ஒரு ஆறு ஓடியது. ஆற்றில் மஞ்சள் வாத்து, கண்ணில் நீள நீளமாக இமைமுடி வைத்த ஒரு மீன், கல்லின்மேல் சிவப்புச் சட்டை போட்ட தவளை, கரையேறப் பார்க்கிற ஆமை. "தவளைக்குச் சட்டையாம். இதை யாரு துவைச்சுப் போடுறா, ஆத்தாளா, பொண்டாட்டியா?" என்று பாண்டீஸ்வரி கேட்பாள். பிள்ளை அந்தத் தாளைத் தடவிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் காலையில், லாரித் தண்ணீர் வராது என்று தெரிந்து தெருவே வாயடைத்துக் கிடந்த நேரத்தில், சஷ்டிகா அந்த ஆற்றின்மேல் உள்ளங்கையை வைத்து, "தண்ணி" என்றாள். தெளிவாகச் சொன்னாள். பாண்டீஸ்வரிக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. பிள்ளையையும் புத்தகத்தையும் அப்படியே வாரிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடினாள். "மதினி, சஷ்டி பேசிட்டா, தண்ணின்னு சொல்லிட்டா மதினி" என்று அழுதாள். பக்கத்து வீட்டுச் சீனியம்மா, உறவில்லை என்றாலும் இருபத்துநாலு மணி நேரமும் மதினிதான், முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து பிள்ளையைப் பார்க்கவில்லை, பாண்டீஸ்வரியின் சேலையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து கரண்டைக்கால் வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. "பேசினது இருக்கட்டும். இந்தத் தண்ணி எங்க இருந்துத்தா வருது?" என்றாள்.

புத்தகத்தின் விளிம்பிலிருந்து வந்தது. பிள்ளை அதை மடியில் வைத்துக் கையை ஊன்றியிருக்கும்வரை ஆறு ஆறாக இருந்தது. பிள்ளை கையை எடுத்ததும் அட்டை அட்டையாகிவிட்டது. சீனியம்மா உள்ளே போய் ஒரு செம்பை எடுத்துவந்து வாத்தின்மேல் இடிக்காமல் பதமாகச் சாய்த்து முகந்தாள். குடித்துப் பார்த்தாள். அச்சு மை வாசம் லேசாக அடித்தது, மற்றபடி கல்கண்டுத் தண்ணீர். இரண்டாவது செம்பை மருமகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாவது செம்பு முகப்பதற்குள் தெருவில் எல்லா வீட்டிலும் குடம் கிளம்பிவிட்டது.

வெளியூர்க்காரனுக்குத்தான் இதெல்லாம் அதிசயம். ஏழுகுளத்துக்காரர்களுக்குத் தண்ணீர் குழாயில் வந்தால் என்ன, லாரியில் வந்தால் என்ன, படத்தில் வந்தால் என்ன, வரிசை என்று ஒன்று வேண்டும், அதில் முந்திக்கொள்கிறவன் என்று ஒருத்தன் வேண்டும், அவனைத் திட்ட நாலு பேர் வேண்டும். மறுநாளே பாண்டீஸ்வரி வாசலிலிருந்து தெரு முக்கு வரை குடம் வரிசை கட்டி நின்றது. குடம் இல்லாதவர்கள் இடம்பிடிக்கக் கல் வைத்தார்கள். அந்தக் கல்லை நகர்த்தியவளின் கொண்டையைப் பிடித்து இழுத்து ஒரு சண்டை நடந்தது. அடுத்த தெருக்காரர்கள் வந்தபோது "படம் எங்க தெருவுப் படம்" என்று ஒரு பேச்சு வந்து, "தண்ணி என்ன உங்க அப்பன் வரைஞ்சதா" என்று பதில் பேச்சும் வந்து, கடைசியில் பைப் கடை வில்வநாதன் அண்ணாச்சி நடுவில் நின்று, வீட்டுக்கு இரண்டு குடம், காலையில் மூன்று தெரு, சாயங்காலம் மூன்று தெரு என்று தீர்த்துவைத்தார். ஒரு கிழவர் புத்தகத்துக்கு மஞ்சள் கயிறு கட்டிக் கற்பூரம் காட்டினார். நகராட்சியிலிருந்து ஒருத்தர் ஜீப்பில் வந்து பேனா மாதிரி ஒரு கருவியை ஆற்றில் முக்கிப் பார்த்து, நாங்க விடுற தண்ணியைவிட நல்லாத்தான் இருக்கு என்று ஒப்புக்கொண்டு, வரிசையில் நிற்காமல் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போனார். ஆத்துல போற தண்ணிய அய்யா குடி அம்மா குடி என்று சொல்வார்களே, அப்படித்தான்.

பாண்டீஸ்வரிக்குத் தண்ணீர் பெரிதில்லை, பிள்ளையின் வாய்தான் பெரிது. தண்ணிக்கு அடுத்து 'வாத்து' வந்தது. 'மீன்' வந்தது, 'ஆமை' வந்தது, தவளைக்கு 'தவ்வா' வந்தது. ஒரு சாயங்காலம், குடம் நிறைந்துகொண்டிருக்கும்போதே, தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்து "அம்மா" என்றாள். கோட்டைச்சாமியிடம் போனில் அதைச் சொல்லவைத்தபோது அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. ஆம்பளை அழுகிறான் என்று தெரிந்து அவளே போனை வைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவள் காலையும் சாயங்காலமும் வாசலில் உட்காரச் சம்மதித்தாள்: தன் மடியில் பிள்ளை, பிள்ளையின் மடியில் ஆறு. எங்கோ ஒரு மூலையில் யாருக்கும் தெரியாமல் கிடந்தவளை இப்போது தெருவே பேர் சொல்லிக் கூப்பிட்டது. வரிசையில் பிசகினவர்களை அதட்டினாள், செம்பைத் தாறுமாறாகப் போட்டவள் கையில் வெடுக்கென்று தட்டினாள். அவளுடைய குரல் கொஞ்சம் கொஞ்சமாக முக்குவரை கேட்கிற குரலாக மாறியது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது, பொய் எதற்கு.

ஆற்றில் தண்ணீர் இறங்கியது. முதலில் கரையில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது, பிறகு படத்தில் இல்லாத படிக்கட்டு ஒன்று தெரிந்தது, பிறகு அதற்குக் கீழே இன்னொரு படி. ஒரு காலையில் அந்த இமைமுடி மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியிருந்தது. "மீன் தூங்குது" என்றாள் சஷ்டிகா. இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசிவிட்டாளே என்று பாண்டீஸ்வரி குதித்தாள், வரிசையில் நின்றவர்களும் நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்தினார்கள். மறுநாள் மீன் இல்லை. அது கிடந்த இடத்தைத் தொட்டு, "இது யாரு?" என்று பாண்டீஸ்வரி கேட்டபோது பிள்ளை வெறுமனே பார்த்தது.

முதலில் கண்டுபிடித்தது அங்கன்வாடி ஸ்டெல்லா டீச்சர். சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் மீனைக் காட்டிக் கேட்டிருக்கிறார், பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. "போன வாரம் இவதான் மத்த புள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தா பாண்டீஸ்வரி. மறந்துட்டாங்கிற மாதிரி தெரியல. அப்படி ஒண்ணை அவ பாத்ததே இல்லைங்கிற மாதிரி பாக்குறா" என்றார். பாண்டீஸ்வரி நம்பவில்லை. கருவாட்டுக்காரி வந்தபோது கூடையைத் திறக்கச் சொல்லிக் காட்டினாள். சஷ்டிகா கல்லைப் பார்ப்பது போல் பார்த்தாள். அந்த வாரமே தவளை போனது. கல்லின்மேல் சிவப்புச் சட்டை மட்டும் காய்ந்து கிடந்தது, கூடவே 'தவ்வா'வும் போனது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு பிறகு வெளியே நீட்டவே இல்லை. நாலாவது வீட்டுப் பிள்ளை பொம்மை ஆமை ஒன்றைக் காட்டி விளையாட்டு காட்டியதற்கு சஷ்டிகா பயந்து அலறினாள்.

பாண்டீஸ்வரி விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். மிச்சம் இருந்தது வாத்தும், தண்ணியும், அம்மாவும்தான். பானையில் இருந்த தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து அந்தப் பக்கத்தில் ஊற்றினாள். தாள் நனைந்து உப்பியதே தவிர ஆறு ஒரு விரற்கடை ஏறவில்லை. வாத்துக்குச் சோற்றுப் பருக்கை வைத்தாள். பருக்கை படத்தின்மேல் காய்ந்து ஒட்டிக்கொண்டது. கொடுக்கத் தெரிந்த பக்கத்துக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. மறுநாள் காலை கதவை உள்தாழ் போட்டுக்கொண்டு பிள்ளையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே குடங்கள் முதலில் பொறுமையாக இருந்தன. பிறகு கதவில் தட்டின. "என்னத்தா, உடம்புக்கு முடியலையா" என்று கேட்டார்கள். மீன் செத்ததையும் சொல் போனதையும் அவள் கதவுக்குள்ளிருந்தே சொன்னாள். "படத்து மீனுக்கா கதவடைச்சே" என்று யாரோ கேட்டார்கள். "எம் புள்ளைக்கு" என்றாள். அதற்குப் பிறகு சீனியம்மா கதவுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் பேசினாள். அவள் மருமகளுக்குப் பிரசவமாகி ஒரு வாரம் ஆகவில்லை.

"பாண்டீஸ்வரி, கேளு. தீட்டுத்துணி அலச வீட்ல ஒரு சொட்டு இல்ல. பச்சை உடம்புக்காரி நாக்கு வறண்டு கிடக்கா, பால் சுரக்கல. புள்ள அழுகச் சத்தில்லாம முனகுது. உம் புள்ளைக்கு வார்த்தை போனா நாளைக்குத் திரும்ப வரும்னு ஒரு நம்பிக்கையாவது இருக்கு. இது போனா வருமா? நீயே சொல்லு. நீ வேண்டாம்னா நான் போயிடுறேன், உம்மேல எனக்குக் கோபமில்ல."

திட்டியிருந்தால்கூடக் கதவை மூடியே வைத்திருக்கலாம். கோபமில்லை என்று சொன்னதும் பாண்டீஸ்வரிக்கு உட்கார முடியவில்லை. தாழைத் திறந்தாள். சீனியம்மாவுக்கு இரண்டு குடம் கொடுத்தாள். பின்னால் நின்றவளுக்கும் வீட்டில் பிள்ளை இருந்தது, அதற்குப் பின்னால் நின்றவளுக்கு டயாலிசிஸ் புருஷன் இருந்தான். யாருக்குத்தான் காரணம் இல்லை, சொல்லுங்கள். வாத்து இப்போது நீந்தவில்லை, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றது.

அப்போதுதான் வில்வநாதன் அண்ணாச்சி ஒரு யோசனையோடு வந்தார். ஏழுகுளத்தில் தண்ணீர் என்றால் மோட்டார் என்றுதான் எல்லாருக்கும் புத்தி போகும். தெருக்குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிற நாளில் ஒருத்தன் வீட்டுக்குள் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவான், அடுத்த வீட்டுக்காரன் வாய்க்கு வந்தபடி ஏசுவான், அடுத்த வாரம் அவனும் ஒரு மோட்டார் வாங்கிப் போடுவான். ஊரில் மோட்டார் இல்லாத வீடு, வாங்க வக்கில்லாத வீடுதான். அண்ணாச்சி நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் கிடையாது. "ஆத்தா, செம்பு செம்பா மோந்தா பாதி சிந்துது, பாதி வெயில்ல காயுது, புள்ளையும் ரெண்டு வேளையும் உக்காந்து நோகுது. ஆடிக் கறக்குற மாட்டை ஆடித்தான் கறக்கணும். முக்குல பெரிய டேங்க் வச்சுத் தாரேன். அரை எச்.பி. மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சுல நிரப்பிட்டா, மழை வரைக்கும் தெருவுக்கு ஓடிரும். அப்புறம் ஒருத்தன் உன் வாசலுக்கு வரமாட்டான். மிச்சம் இருக்கிற ஆறு உம் புள்ளைக்கு. வாத்தும் பொழைக்கும்" என்றார்.

பாண்டீஸ்வரி ஒருநாள் முழுக்க யோசித்தாள். செம்பு செம்பாகக் கொடுத்தாலும் வாத்து சாகத்தான் போகிறது. ஒரே தடவையில் முடித்துவிட்டால் அடியில் கொஞ்சமாவது நிற்காதா, ஊற்று என்று ஒன்று இருக்காதா என்று கணக்குப் போட்டாள். கோட்டைச்சாமியும் போனில், "ஒரு நாள் தொல்லைதானே, ஒத்துக்கிரு. அப்புறம் அவளைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு" என்றான். அவள் அண்ணாச்சியிடம் போய், "கால்பங்கு தண்ணி நிக்கும்போதே நிப்பாட்டிரணும். அடியில இருக்கிறது எம் புள்ளையோடது" என்றாள். அண்ணாச்சி தன் பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். அவரும் மனசாரத்தான் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே கூடி நின்றது. சஷ்டிகாவுக்குப் புதுக் கவுன் போட்டு, சுற்றிப்போட்டு, மடியில் புத்தகத்தை விரித்துவைத்தார்கள். நீலக் குழாயின் ஒரு முனை டேங்கில், மறு முனை ஆற்றில். பிள்ளை கையை ஊன்றியது, மோட்டார் ஓடத் தொடங்கியது. டேங்குக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் பெண்கள் குலவை போட்டார்கள், கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. பாண்டீஸ்வரி படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதி இறங்கியது. முக்கால் இறங்கியது. "போதும் அண்ணாச்சி, நிப்பாட்டுங்க" என்றாள். அண்ணாச்சி சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். டேங்க்மேல் ஏறி நின்றவன், "இன்னும் ஒரு சாண் இருக்கு, நிறையட்டும்" என்றான். ஒரு சாண்தானே என்று கூட்டம் சொன்னது. ஒரு சாணில் என்ன வந்துவிடப்போகிறது என்று எல்லாரும் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே அண்ணாச்சிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் வந்து நின்றார்கள். யாரும் அவரைப் பிடிக்கவில்லை, தள்ளவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். "புள்ளையைத் தூக்கிரு, கை எடுத்தா நின்னுரும்" என்று ஸ்டெல்லா டீச்சர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார். பாண்டீஸ்வரி தூக்கத்தான் போனாள். நாலைந்து கை, சீனியம்மாவின் கையும் அதில் ஒன்று, அவள் தோளை ஆதரவாகப் பிடித்திருந்தது. "செத்த நேரந்தான்த்தா" என்றது.

மோட்டார் திணறியது. குரல் மாறி உறுமிவிட்டுத் தானாக நின்றது. குழாய் முனையை இழுத்துப் பார்த்தார்கள். அடைத்துக்கொண்டிருந்ததைக் குச்சி விட்டு நெம்பி எடுத்தார்கள். ஒரு பிடி மஞ்சள் இறகு, சேற்றோடு. அதைத் தரையில் போட்டார்கள். பிள்ளை அதைப் பார்த்தது. பிறகு புத்தகத்தைப் பார்த்தது. அங்கே வெடித்த தரை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், அவ்வளவு அழகாக, ஒவ்வொரு விரிசலையும் உட்கார்ந்து வரைந்த மாதிரி இருந்தது. பாண்டீஸ்வரி பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "சஷ்டி, யாரு? நான் யாரு?" என்று கேட்டாள். பிள்ளை அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து விளையாடியது.

டேங்குத் தண்ணீர் தீரும்வரை தெருவில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு பிடித்தார்கள். தீர்ந்த பிறகு நிமிர்ந்து பேசத் தொடங்கினார்கள். வேறு புத்தகம் உண்டா, அருவிப் படம் போட்டதாக ஒன்று என்று ஒருத்தி நாசூக்காகக் கேட்டுவிட்டுப் போனாள். கடல் படம் என்றால் உப்பாக இருக்குமே என்று இன்னொருத்தி கவலைப்பட்டாள். பஸ்ஸில் சீப்பு விற்கிறவனிடம் படப் புத்தகம் கட்டுக்கட்டாகப் போனது. ஏழுகுளத்தில் எந்த வாசலைப் பார்த்தாலும் ஒரு கைப்பிள்ளை, அதன் மடியில் ஒரு குளமோ ஏரியோ அருவியோ, அதன் உள்ளங்கையைப் பிடித்துத் தாளில் அழுத்திக்கொண்டு ஒரு தாய், "சொல்லு, தண்ணி சொல்லு" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அழுதன. அழுத கண்ணீரில்தான் தாள் நனைந்தது. அப்புறம் லாரி வந்தது, வரிசை வந்தது, சீனியம்மாவின் பேரன் பிழைத்துக்கொண்டான், அவனுக்குப் பேர் வைக்கிற அன்று பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு முதல் இனிப்பை அவள் கையில் வைத்தாள் சீனியம்மா. பாண்டீஸ்வரி வாங்கிக்கொண்டாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. அதைப் பார்த்து அவளால் சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

கோட்டைச்சாமி போனில் பேசிட்டாளா என்று கேட்கிறதை நிறுத்திவிட்டான். அவள் பிள்ளையோடு பேசுகிறதை நிறுத்தவில்லை, ஆனால் படம் எதையும் காட்டவில்லை. சோப்பு உறையில் இருந்த பூவைக்கூடக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் சோப்பை உள்ளே கொண்டுவந்தாள்.

ஸ்டெல்லா டீச்சர்தான் ஒரு மத்தியானம் புதிதாக ஒரு புத்தகத்தோடு வந்தார். பாண்டீஸ்வரி அதை வாங்க மறுத்தாள். "இப்படியே விட்டா வாய் மூடியே போயிரும். நான் பக்கத்துல இருக்கேன். கை வைக்க விடாத, தூரத்துல வச்சுக் காட்டு" என்று டீச்சர் மன்றாடினார். கடைசியில் பாண்டீஸ்வரி சம்மதித்துப் பிள்ளையை ஒரு கை தள்ளி உட்காரவைத்து, புத்தகத்தைத் தன் முழங்காலில் சாய்த்துத் திறந்தாள். பெரிய யானை, அதற்கு முன்னால் ஒரு சின்னக் குட்டை. குட்டையில் தும்பிக்கையை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. காதில் பூ வரைந்திருந்தார்கள். இந்த ஆளும் வயிறு முட்டத் தின்றவன்தான் போல என்று அவளுக்குத் தோன்றியது. பல நாளைக்குப் பிறகு அப்படி ஒன்று தோன்றியதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. "யானை பாரு சஷ்டி. யானைக்குத் தாகம். என்ன செய்யுது, சொல்லு?"

சஷ்டிகா யானையைப் பார்த்தாள். குட்டையைப் பார்த்தாள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறவள் போலக் கரையைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்தி, சம்மணம் போட்டு, முக்குவரை கேட்கிற குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்:

"போதும். தள்ளு. அடுத்த ஆளு வா."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தெருவில் போய்க்கொண்டிருந்த சீனியம்மா குடத்தை அப்படியே போட்டுவிட்டு, "எங்க சஷ்டி பேசிட்டா, முழுசா பேசிட்டா" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு ஓடினாள், வாசலில் ஆட்கள் கூடினார்கள், குலவை கேட்டது, யாரோ சர்க்கரை கொண்டுவந்தார்கள். பாண்டீஸ்வரி மட்டும் அசையவில்லை. அது பிள்ளையின் குரல் இல்லை, தன்னுடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. முழங்காலில் இருந்த படத்தில் யானை தும்பிக்கையைத் தண்ணீரிலிருந்து மெதுவாக எடுத்து, குடிக்காமல், ஒரு எட்டு பின்வாங்கி ஒதுங்கி நின்றது.